கமெண்டேஷன் லெட்டர்: ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம்

கோவையை விட்டுப் பெங்களூருக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. 2023 மே மாதம் லாரியில் சாமான் ஏற்றுவதற்கு முன்னால், மாற்ற வேண்டியவை எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தேன். கேஸ் இணைப்பு, பேங்க் கிளை, மகளுடைய பள்ளி டிசி, கணவருடைய பைக்குக்கு ஆர்டிஓ என்ஓசி, அத்தையின் பென்ஷன், கடைசியாக சபைக் கடிதம், அதாவது கமெண்டேஷன் லெட்டர். முதல் ஐந்துக்கும் எத்தனை ஜெராக்ஸ் வேண்டும், எத்தனை நாள் அலைய வேண்டும், எந்தக் கிழமை போனால் கூட்டம் குறைவு என்பது வரை யாராவது எழுதிவைத்திருக்கிறார்கள். ஆறாவதைப் பற்றி ஒருவரும் எழுதக் காணோம். இத்தனைக்கும் அந்த ஆறில் எங்களை அதிகமாக அலைக்கழித்தது அதுதான். அதனால் நானே எழுதிவிடுகிறேன், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

தெரியாதவர்களுக்காக: நாங்கள் பிரதரன் என்ற கிறிஸ்தவ சபைப் பிரிவு. பாஸ்டர் கிடையாது, சபையை நடத்தும் மூப்பர்கள் உண்டு. ஞாயிறு காலை அப்பம் பிட்குதல், அதாவது இயேசுவின் மரணத்தை நினைத்து அப்பத்தையும் பாத்திரத்தையும் பகிர்ந்துகொள்வதுதான் வாரத்தின் மையம். 'மெம்பர்ஷிப்' என்ற சொல்லையே எங்களில் சிலர் வாயில் எடுக்க மாட்டார்கள். இரட்சிக்கப்பட்ட எல்லோரும் கிறிஸ்துவின் சரீரத்தில் அவயவங்கள், அதற்கு மேல் எந்தச் சபையிலும் போய்த் தனியாக உறுப்பினராகச் சேர வேண்டியதில்லை என்பது ஆரம்பத்திலிருந்தே இவர்கள் பிடித்த பிடி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உறுப்பினர் என்று ஒன்றே இல்லையென்றால் ஊர் மாறும்போது எதை மாற்றுவது? அங்கேதான் இந்தக் கடிதம் வருகிறது.

'இன்ன ஊரில் கர்த்தராகிய இயேசுவின் நாமத்தில் கூடிவரும் பரிசுத்தவான்களிடமிருந்து இன்ன ஊரில் கூடிவரும் பரிசுத்தவான்களுக்கு' என்று ஆரம்பிக்கும். இந்தச் சகோதரர், இந்தச் சகோதரி எங்களோடு ஐக்கியத்தில் இருக்கிறார், கர்த்தருக்குள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று முடியும். கீழே இரண்டு மூன்று பேர் கையெழுத்து. சபையின் சார்பில் எழுதுவது என்பதால் ஒற்றைக் கையெழுத்து செல்லாது. கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ ஒரு வாரம் வெளியூர் போகிறவருக்கு ஒரு மாதிரி, மொத்தமாகக் குடிபெயர்கிறவருக்கு இன்னொரு மாதிரி. புதிய ஏற்பாட்டில் பெபேயாள் என்ற சகோதரி ரோமாபுரிக்குப் போனபோது பவுல் எழுதிக்கொடுத்ததும், அப்பொல்லோ அகாயாவுக்குக் கிளம்பியபோது எபேசுவிலிருந்த சகோதரர்கள் எழுதிக்கொடுத்ததும்தான் இதற்கு முன்மாதிரி. தமிழ் வேதாகமத்தில் 'உபசார நிருபம்' என்று அழகான பெயர் இருக்கிறது. யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'லெட்டர் இருக்கா?' அவ்வளவுதான்.

வாங்கிய கதையைச் சொல்கிறேன். கோவையில் புதன்கிழமை ஜெபக் கூட்டம் முடிந்ததும் மூப்பர் அங்கிளிடம் கேட்டோம். பையிலிருந்து லெட்டர்பேடை எடுத்தார். ஏற்கெனவே அச்சடித்த வாசகம், பெயருக்கும் ஊருக்கும் மட்டும் கோடு விட்டிருந்தது. பத்து நிமிடத்தில் கையில் கொடுத்துவிட்டார். கட்டணம் கிடையாது, பாக்கி கேட்கவில்லை, 'நாளைக்கு வாங்க' இல்லை. இந்த இடத்தில் ஐந்து நட்சத்திரமும் கொடுத்திருப்பேன், கடிதத்தைப் படிக்காமல் இருந்திருந்தால். என் கணவர் பெயர் இருந்தது. அதற்குப் பிறகு 'மற்றும் குடும்பத்தார்'. நான் பதினேழு வயதில், வீட்டில் ஒரு வருடம் சண்டை போட்டு, சொந்தமாக முடிவெடுத்து ஞானஸ்நானம் எடுத்தவள். அத்தை இந்தச் சபையில் ஐம்பது வருடமாக அப்பம் பிட்கிறவர். நாங்கள் இரண்டு பேரும் குடும்பத்தார். "அங்கிள், எங்க பேரையும் எழுதிருங்க" என்றேன். "எழுதினா போச்சு சிஸ்டர், இதுல என்ன இருக்கு" என்று சிரித்துக்கொண்டே இன்னொரு தாளில் எழுதினார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் நீங்கள் வாங்கும்போது அங்கேயே நின்று படித்துப் பாருங்கள்.

பெங்களூரில் முதலில் போன சபையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வீட்டுக்குப் பக்கம், தமிழ்க் கூட்டம், நல்ல கட்டடம். ஒன்பதரைக்குக் கூட்டம் என்றால் ஒன்பதேகாலுக்கே போய் நின்றோம். வாசலில் இருந்த சகோதரர் கடிதத்தை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, எங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இது எந்த சைடு கூட்டம்?" என்றார். என் கணவருக்குப் புரியவில்லை, ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்கிறார் என நினைத்து "காந்திபுரம் பக்கம் பிரதர்" என்று சொல்லிவிட்டார். அவர் கேட்டது அது இல்லை. எங்கள் கோவைச் சபை யார் யாரோடு ஐக்கியம் வைத்திருக்கிறது, யார் யாரை மேடையில் ஏற்றுகிறது, பல வருடத்துக்கு முன் நடந்த ஒரு பிரிவினையில் எந்தப் பக்கம் நின்றது என்பதைத்தான். அந்தப் பிரிவினை நடந்ததே எங்களுக்குத் தெரியாது.

"ஒரு போன் போட்டு விசாரிச்சிட்டுச் சொல்றோம், அதுவரைக்கும் பின்னாடி உக்காருங்க" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். பின்வரிசை என்றால் என்னவென்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். பாடலாம், கேட்கலாம், ஆமென் சொல்லலாம். அப்பமும் பாத்திரமும் எங்களுக்கு முந்தின வரிசையோடு திரும்பிப் போய்விடும். முதல் ஞாயிறு அப்படிப் போனது. இரண்டாவது ஞாயிறு, போன் போட்டார்கள், எடுக்கவில்லையாம். மூன்றாவது ஞாயிறும் அதே. அத்தைக்கு அப்போது 72 வயது. கல்யாணமான மறுவாரத்திலிருந்து ஒரு ஞாயிறுகூட, ஆஸ்பத்திரியில் படுத்த நாட்கள் தவிர, பந்தியில் கை நீட்டாமல் இருந்ததில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மூன்று வாரமும் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வாரம் வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில், "பின்வரிசையில ஃபேன் காத்து நல்லா வருது, என்ன?" என்றார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம்தான் நான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கணவருடைய சித்தப்பா வீட்டில் பழைய சபைச் சரித்திரப் புத்தகங்கள் கொஞ்சம் இருந்தன. படித்தபோது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு வயிற்றெரிச்சல்.

பிரதரன் இயக்கம் கிளம்பியதே இந்த மாதிரி ஒரு கதவில் நின்ற ஆளால்தான். எட்வர்ட் க்ரோனின் என்று ஒருவர். அயர்லாந்தின் தென்பகுதிக்காரர், கத்தோலிக்கக் குடும்பம், மருத்துவம் படித்தவர். 1820களில் உடம்பு சரியில்லாமல் டப்ளினுக்கு வந்தார். அங்கிருந்த சுயாதீன சபைகள் அவரை வெளியூர் விருந்தாளி என்று பந்தியில் சந்தோஷமாகச் சேர்த்துக்கொண்டன. இவர் டப்ளினிலேயே தங்கிவிட்டார் என்று தெரிந்ததும், இனிமேல் ஏதாவது ஒரு சபையில் முறைப்படி உறுப்பினராகச் சேர்ந்தால்தான் அப்பம் என்றார்கள். ஆள் அதே ஆள், விசுவாசம் அதே விசுவாசம். ஊரில் தங்கினதுதான் குற்றம். அவர் மறுத்தார். பிரசங்க பீடத்திலிருந்து பெயர் சொல்லிக் கண்டித்தார்கள். அதற்குப் பிறகு இவரும் இன்னும் சிலரும் வீட்டில் கூடி அப்பம் பிட்க ஆரம்பித்தார்கள். ஜான் கிஃபர்ட் பெல்லட், ஜான் நெல்சன் டார்பி, பல் மருத்துவராக இருந்து மிஷனரியான அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ் எல்லோரும் அந்தக் காலத்து டப்ளின் வட்டத்தில் இருந்தவர்கள்தான். உறுப்பினர் பதிவேடு இல்லாமல் விசுவாசிகள் என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றாக உட்கார முடியுமா என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

ஆரம்பத்தில் கதவு நன்றாகவே திறந்திருந்தது. கர்த்தருடையவர் என்று தெரிந்தால் போதும், ஆங்கிலிக்கன் சபையை விட்டு வராதவரைக்கூட அப்பம் பிட்கச் சேர்த்துக்கொண்டார்கள். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் ஜார்ஜ் முல்லரும் ஹென்றி க்ரெய்க்கும் 1832இல் பெதஸ்தா சபையைத் தொடங்கினார்கள். முழுக்கு ஞானஸ்நானத்தில் உறுதியான ஆட்கள்தான், ஆனாலும் சில வருடத்துக்குள் ஞானஸ்நானம் எடுக்காத விசுவாசியையும் ஐக்கியத்தில் ஏற்பது என்று முடிவெடுத்தார்கள். நான் இதை என் கணவரிடம் படித்துக் காட்டியபோது, "இந்த முல்லர் இப்ப வந்தா நம்ம ஆளுங்க பின்வரிசையிலதான் உக்கார வைப்பாங்க" என்றார்.

குரோவ்ஸ் விஷயம் நமக்கு இன்னும் நெருக்கம். முல்லருடைய மைத்துனர் அவர். பாக்தாத்தில் பாடுபட்டுவிட்டு 1833இல் இந்தியாவுக்கு வந்தார், பிறகு சித்தூரில் தங்கி வேலை செய்தார். நம் தமிழ் ஆளான ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் அவரோடு சேர்ந்து உழைத்தவர், பின்னால் 1840இல் வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்டியான்பேட்டையை உண்டாக்கியவர். அத்தை பிறந்த ஊர் அதற்குக் கொஞ்ச தூரம்தான். 'அருளப்பன் ஐயா ஊருக்குப் பக்கம்' என்று சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும். அந்தக் குரோவ்ஸ் 1836இல் டார்பிக்கு ஒரு கடிதம் எழுதினார். நாம் ஒருவரை ஏற்பது அவரிடம் இருக்கும் ஜீவனைப் பார்த்துதானே தவிர, அவருக்கு எவ்வளவு வெளிச்சம் கிடைத்திருக்கிறது என்பதைப் பார்த்து இல்லை, நீங்கள் அதை விட்டு விலகிப் போகிறீர்கள் என்பதுதான் அதன் சாரம். கமெண்டேஷன் லெட்டர் பற்றி எழுதப்பட்டது இல்லை அது. ஆனாலும் எங்கள் வாசல் சகோதரருக்கு ஒரு ஜெராக்ஸ் கொடுக்கலாமா என்று யோசித்தேன்.

எங்கே கெட்டது என்றால், 1848. பிளிமத் சபையில் பெஞ்சமின் வில்ஸ் நியூட்டன் என்பவருடைய போதனையைப் பற்றிப் பெரிய தகராறு நடந்து, டார்பி தனியாகப் பிரிந்து போயிருந்தார். நியூட்டன் இருந்த அந்தச் சபையிலிருந்து வந்த சிலரை முல்லருடைய பெதஸ்தா ஏற்றுக்கொண்டது. அந்தப் போதனையை இவர்கள் ஏற்கவில்லை என்று பார்த்துதான் ஏற்றார்கள். ஏன் ஏற்றோம் என்று பத்து மூப்பர்கள் கையெழுத்துப் போட்டு விளக்கமும் எழுதினார்கள். டார்பி ஒப்பவில்லை. அந்த வருடம் ஆகஸ்டில் ஒரு சுற்றறிக்கை விட்டார்: பெதஸ்தாவிலிருந்து வருகிறவரை ஏற்றால் அந்தத் தீமைக்கே கதவு திறந்த மாதிரி. முல்லர் பக்கம் ஓப்பன் பிரதரன், டார்பி பக்கம் எக்ஸ்க்ளூசிவ் பிரதரன் என்ற பிரிவு அங்கேதான் விழுந்தது. கவனித்தீர்களா, சண்டையின் வடிவமே ஒரு சபை மாற்றம்! ஒரு சபையிலிருந்து இன்னொன்றுக்குப் போன சில பேரை ஏற்கலாமா கூடாதா. அதுவரை கடிதம் ஆளைப் பற்றிப் பேசியது. அதற்குப் பிறகு எக்ஸ்க்ளூசிவ் பக்கத்தில், நீ யார் என்பதைவிட உன்னை அனுப்பியவர்கள் யாரோடு சேர்ந்து சாப்பிட்டார்கள் என்பதே கேள்வியாகிவிட்டது. 'எந்த சைடு கூட்டம்?' என்று எங்களிடம் கேட்டாரே, அந்தக் கேள்விக்கு வயது நூற்றியெழுபத்தைந்து.

எக்ஸ்க்ளூசிவ் ஆட்கள் இதை ஒரு ஏற்பாடாகவே நடத்தினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். லண்டனில் சனிக்கிழமை மாலை ஒரு மையக் கூட்டம் நடக்கும். நகரத்தில் கூடும் ஒவ்வொரு கூட்டமும் யாரைப் புதிதாகச் சேர்க்கிறோம், யாரை விலக்கினோம் என்று பெயர்களை அங்கே அனுப்பும், அங்கிருந்து எல்லாக் கூட்டத்துக்கும் போகும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் அது ஒரு சாதனைதான், நம் ஆர்டிஓ ஆபீஸ் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். ஐக்கியத்தில் உள்ள கூட்டங்களின் முகவரிகளை அச்சடித்தும் வைத்திருந்தார்கள். கடிதத்தோடு வந்தால் பட்டியலைத் திறந்து பார்த்தால் போதும். கடிதம் எழுதின ஊர் பட்டியலில் இல்லையென்றால் நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பின்வரிசை. ஓப்பன் பிரதரன் பக்கத்திலும் எல்லோரும் கதவைத் திறந்தே வைத்திருக்கவில்லை. 1890களில் ஒரு பகுதியினர் சேர்த்துக்கொள்ளும் முறை இன்னும் கறாராக இருக்க வேண்டும் என்று தனியாகப் பிரிந்து போனார்கள்.

இதில் என்னால் மறக்க முடியாதது க்ரோனினுடைய கடைசிக் காலம். அவர் டார்பியோடு எக்ஸ்க்ளூசிவ் பக்கமே இருந்தார், லண்டனில். 1879இல், எண்பதை நெருங்கும் வயதில், வைட் தீவில் ரைடு என்ற ஊருக்குப் போய், மற்றக் கூட்டங்களின் அங்கீகாரம் இல்லாத ஒரு புதிய கூட்டத்தில் அப்பம் பிட்டார். பிரளயம். அவருடைய சொந்தக் கூட்டமே கடைசியில் அவரை விலக்கியது. அந்த விஷயத்தை ஒட்டி 1881இல் எக்ஸ்க்ளூசிவ் பிரதரனே இரண்டாக உடைந்தது. 1882இல் அவர் இறந்துபோனார். டார்பியும் அதே வருடம். உறுப்பினராகச் சேர மறுத்ததற்காக ஒரு சபை விலக்கிய வாலிபனால் தொடங்கிய இயக்கம், தவறான கூட்டத்தில் அப்பம் பிட்டதற்காக அதே ஆளைக் கிழவனாக வெளியே அனுப்பியது. இதைப் படித்த அன்று அத்தைக்கும் வாசித்துக் காட்டினேன். "பாவம், பின்வரிசையிலயாவது ஃபேன் இருந்துச்சோ என்னவோ" என்றார்.

சரி, வாசலில் நிற்கிறவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் எழுதாவிட்டால் இது விமர்சனம் இல்லை, புலம்பல். பெங்களூர் மாதிரி ஊரில் வாரம் ஒரு புது முகம். தமிழ் பேசத் தெரிந்தால், நாலு வசனம் தெரிந்தால், யார் வேண்டுமானாலும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு உள்ளே வரலாம். ஒரு சபையில் பணத்தைக் கையாடிவிட்டு, அல்லது மனைவியை அடித்து ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாகி, அடுத்த ஊரில் புது ஆளாக வந்து உட்காருகிறவர்கள் உண்டு. கடிதம் கேட்பது அந்த அடி வாங்கிய பெண்ணுக்கும் ஒரு பாதுகாப்பு. பவுலே மனம் திரும்பி எருசலேமுக்கு வந்தபோது சீஷர்கள் நம்பவில்லை, பயந்தார்கள். அவர் கையில் கடிதம் இல்லை. பர்னபா கையைப் பிடித்து அழைத்துப் போய், இவருக்கு என்ன நடந்தது என்று எடுத்துச் சொன்ன பிறகுதான் சேர்த்தார்கள். கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் வேறு இந்தக் கடிதம் தேவைப்படுகிறது. கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்கப் போகிற நேரத்தில் 'எந்தச் சபை, கடிதம் எங்கே' என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் அலைவது கொடுமை. ஆகவே கடிதமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்று வாரம் ஒரு போன் எடுக்கப்படவில்லை என்றால் நாலாவது வாரம் வேறு யாருக்காவது போன் போடலாமே என்கிறேன்.

இந்தச் சமயத்தில் ஆபீஸில் ஒரு வேடிக்கை. என் பக்கத்து சீட்டுக்காரி குஜராத்தில் வல்சாடு பக்கம். நான் பிரதரன் என்றதும் "எங்க தாத்தாவும் பிரதரன்தான்" என்றாள். ஒரே குஷி. அரைமணி நேரம் பேசின பிறகுதான் அவர்கள் வேறு, நாங்கள் வேறு என்று புரிந்தது. அவர்கள் 1708இல் ஜெர்மனியில் ஷ்வார்ட்ஸெனாவ் என்ற ஊரில், அலெக்சாண்டர் மாக் என்பவரோடு எட்டுப் பேராக ஆற்றில் இறங்கி ஞானஸ்நானம் எடுத்துத் தொடங்கிய பிரதரன். பிறகு அமெரிக்காவுக்குப் போய், அங்கிருந்து 1894இல் குஜராத்துக்கு வந்தவர்கள், 1970இல் வட இந்தியத் திருச்சபையான சிஎன்ஐயில் சேர்ந்துவிட்டார்கள். பெயரைத் தவிர எங்களோடு சம்பந்தம் இல்லை. ஆனால் அவர்கள் சரித்திரத்திலும் இந்தக் கடிதம் இருக்கிறது, இன்னும் ஒழுங்காக. பென்சில்வேனியாவிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு மேற்கே ஒஹையோ, இண்டியானா என்று போகிற குடும்பங்கள் தாய்ச் சபையிலிருந்து உறுப்பினர் சான்றிதழ் எடுத்துப் போக வேண்டும். போகிறவர் ஊழியராகவோ உதவிக்காரராகவோ இருந்தால் அந்தப் பொறுப்பும் அதில் எழுதப்பட்டிருக்கும். கடிதம் இல்லாமல் வருகிறவரை என்ன செய்வது என்ற மாதிரிக் கேள்விகள் அவர்களுடைய வருடாந்திரக் கூட்டத்துக்குப் போகும்.

எனக்குப் பிடித்தது கடிதத்துக்கு முந்தின ஏற்பாடு. அப்பம் பிட்குதலும் சேர்ந்த அன்பின் விருந்து நடக்கும் முன்னால் உதவிக்காரர்கள் வீடு வீடாகப் போய், இன்னும் விசுவாசத்தில் நிற்கிறீர்களா, எல்லோரோடும் சமாதானமாக இருக்கிறீர்களா என்று ஒவ்வொருவரிடமும் வருடந்தோறும் கேட்டுவிட்டு வருவார்கள். அப்படி வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து பேசினவர்கள் கையெழுத்துப் போட்டால் அந்தக் கையெழுத்துக்கு ஒரு கனம் இருக்கும். எங்கள் கோவை அங்கிள் பத்து நிமிடத்தில் போட்டுக்கொடுத்தாரே, எங்கள் வீட்டுக்கு அவர் கடைசியாக வந்தது மகளுடைய காதுகுத்துக்கு. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்றும் சொல்லலாம். என் அண்ணி வேறு ஒரு பெரிய சபைப் பிரிவு. அங்கே அவர் மாற்றல் கடிதம் கேட்டபோது, நாலு வருடச் சங்கக் காணிக்கை பாக்கியைக் கட்டின பிறகுதான் ரசீதோடு கடிதம் வந்தது. எங்களுடையது இலவசம் என்று அப்போது கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

நாலாவது ஞாயிறு வேறு கூட்டத்துக்குப் போனோம். லிங்கராஜபுரம் பக்கம், கீழே ஹார்டுவேர் கடை, மேலே வாடகை ஹால், நாற்பது பேர் இருந்தால் அதிகம். தமிழிலும் இங்கிலீஷிலும் மாறி மாறி ஓடும். மாடிப்படியில் அத்தை ஏறுவதற்கே பத்து நிமிடம் ஆனது. மேலே இருந்த வயதான சகோதரர் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "கோயம்புத்தூர்ல என்ன பண்ணீட்டு இருந்தீங்க, ஏன் இங்க வந்தீங்க" என்று எங்களைப் பற்றிக் கேட்டார். அத்தை என்ன நினைத்தாரோ, பைபிளைத் திறந்து நடுவிலிருந்து ஒரு பழுப்புத் தாளை எடுத்துக் கொடுத்தார். எனக்கே அது இருப்பது தெரியாது.

1973இல் அத்தை கல்யாணமாகிக் கோவைக்கு வந்தபோது ஊர்ச் சபை மூப்பர் கையால் எழுதிக்கொடுத்த கடிதம். ஒன்றரைப் பக்கம். ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற வழக்கமான வாசகம் அதிலும் இருந்தது. அதற்குப் பிறகு, இந்தப் பிள்ளை எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் ஆறு வருடம் சிறு பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள், இவள் போவது எங்களுக்குக் கை ஒடிந்த மாதிரி. மழைக்காலத்தில் இவளுக்கு இழுப்பு வரும், ஈரத் தரையில் உட்கார விடாதீர்கள். தகப்பன் இல்லாத பிள்ளை, கூச்ச சுபாவம், வாய் திறந்து ஒன்றும் கேட்க மாட்டாள், நீங்கள்தான் கேட்டுச் செய்ய வேண்டும் என்று இருந்தது. கீழே மூன்று கையெழுத்து, ஒன்று கைநாட்டு. அந்தப் பெரியவர் அதை இரண்டு தரம் படித்தார். அன்றைக்கு அறிவிப்பு நேரத்தில் எங்கள் அச்சடித்த கடிதத்தை வாசித்தார், கூடவே பழைய கடிதத்தில் இரண்டு வரியையும் வாசித்தார். "முன்னாடி வாங்கம்மா" என்று யாரோ நாற்காலி போட்டார்கள். அன்றைக்கு அத்தை அப்பத்தை வாங்கினபோது கை நடுங்கியதா, இல்லை மாடிப்படி ஏறின களைப்பா என்று தெரியவில்லை.

இதோடு முடித்தால் ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பேன். ஆனால் திறந்த கதவுக்கும் ஒரு குறை இருக்கிறது. ஏற்றுக்கொண்டவர்கள் எங்கள் முகவரியை எழுதிக்கொள்ளவில்லை, போன் நம்பரும் கேட்கவில்லை. போன மழையில் அத்தைக்கு முழங்கால் வீங்கி மூன்று ஞாயிறு போகவில்லை, ஒருவரும் வரவில்லை. நான் போய்ச் சொன்ன பிறகுதான் "அப்படியா சிஸ்டர், ஊருக்குப் போயிருப்பாங்கன்னு நினைச்சோம்" என்றார்கள். கறாரான இடத்தில் எங்கள் சரித்திரம் முழுவதையும் தோண்டினார்கள், அன்பான இடத்தில் வீடு எங்கே என்று கேட்கவில்லை. பதிவேடே வைக்க மாட்டோம் என்கிற கொள்கை காகிதத்தில் அழகு, முழங்கால் வீங்கினவருக்கு உதவாது. பிறகு நானே ஒரு நூறு பக்க நோட்டு வாங்கிப் பெயர், போன், முகவரி எழுதும்படி வரிசையில் விட்டேன். மூப்பர் ஒருவருக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 'மெம்பர்ஷிப் ரிஜிஸ்டர் மாதிரி ஆயிடும்' என்றார். பால்காரர்கூட நோட்டு வைத்திருக்கிறார் பிரதர் என்று சொன்னேன். நோட்டு இப்போது பாட்டுப் புத்தக அலமாரியில் இருக்கிறது.

மதிப்பெண் கணக்கு இப்படி: வாங்குவது எளிது, இலவசம், அதற்கு முழு மார்க். அச்சடித்த வாசகத்துக்கும் 'குடும்பத்தார்' என்பதற்கும் ஒன்று குறைத்தேன். பின்வரிசை மூன்று வாரத்துக்கு அரை. அத்தையைக் கேட்டிருந்தால் இன்னும் குறைத்திருப்பார் என்று நினைத்தேன், கேட்டேன், அவர் குறைக்க வேண்டாம் என்றார். மாறப் போகிறவர்கள், வண்டி ஏறும் முன்னால் போகிற ஊர்ச் சபையில் ஒருவருடைய நம்பரை வாங்கி, உங்கள் மூப்பரை நேரில் பேச வைத்துவிடுங்கள். கடிதத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

இப்போது மகள் வேலூரில் காலேஜ் சேர்கிறாள். திங்கட்கிழமை வகுப்பு. லிங்கராஜபுரம் பெரியவரிடம் கடிதம் கேட்டேன். கண் சரியாகத் தெரிவதில்லை, நீங்களே எழுதிக் கொண்டு வாங்கம்மா, கையெழுத்துப் போடறேன் என்றார். எழுதினேன். கிடார் வாசிப்பாள், யாராவது கேட்டால்தான் வாசிப்பாள். காலையில் எழுப்பிவிட ஆள் வேண்டும். கேள்வி கேட்பாள், கோபித்துக்கொள்ளாதீர்கள். பாட்டி வளர்த்த பிள்ளை, ஞாயிறு மத்தியானம் யாராவது சோற்றுக்குக் கூப்பிட்டால் சந்தோஷப்படுவாள். மகள் படித்துவிட்டு, "அம்மா, இத குடுத்தா நான் அங்க போகவே மாட்டேன்" என்றாள். அத்தை வாங்கிப் படித்துவிட்டு, இவளுக்கும் இழுப்பு உண்டே, அதை ஏன் எழுதவில்லை என்று கேட்டார். எழுதினேன். பெரியவர் நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டாவது கையெழுத்துப் போட வேண்டியவர், அதுதான் நோட்டுக்கு முழு உடன்பாடு இல்லாதவர், ஒரு கல்யாணத்துக்கு நாகர்கோவில் போயிருக்கிறார். ஞாயிறு காலை வந்துவிடுவார் என்கிறார்கள். ராத்திரி வண்டிக்கு டிக்கெட் போட்டிருக்கிறோம்.